ஆயிரத்து ஓராவது ஆள்

சமூகமளித்திருந்தோர்:

திரு. தில்லையம்பலம், தலைவர், லா சப்பல் தமிழர் வர்த்தக கலை பண்பாட்டு ஒன்றியம்.
திருமதி வள்ளிநாயகி தில்லையம்பலம், பொருளாளர். (தலைவருடைய மனைவி.)
திரு. றொமேஷ், உபதலைவர். (கார் விட இடம் தேடிக்கொண்டிருந்தார்.)
திரு. ராதாகிருஷ்ணன், செயலாளர். (வரவில்லை. வந்ததாக எழுதச் சொல்லி ஸ்தேன் நகரிலிருந்து போன் எடுத்திருந்தார்.)
மாண்புமிகு எவாரிஸ்தோ பெனுவேலாஸ், பிரதம விருந்தினர், ஸ்பெயின் நாட்டின் தொறேமுதா ஊர்ச்சபையின் ஒன்பதாவது உறுப்பினர்.
திரு. தியரி, ஒரு பிரெஞ்சு மன்ற உறுப்பினரின் பிரதிநிதி வர முடியாமல் போனதால் அவருடைய பிரதிநிதி.
செல்வி மிருணாளினி, மொழிபெயர்ப்பாளர்.
பொதுமக்கள், இருநூறு பேர். (இருநூறு என்பது கதிரைகள். ஆட்கள் முப்பத்தொரு பேர்.)
புண்ணியமூர்த்தி.

ஒன்றியத்தின் கூட்டக் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் உள்ளவை மட்டும் அதில் இல்லை. புண்ணியமூர்த்தியின் பெயருக்கு முன்னால் ஒரு 'திரு' போடத் தாராளமாக இடம் இருந்தது. போடவில்லை. அந்தக் கூட்டம் கூடியதே அவரை முன்னிட்டுத்தான். கலியாண வீட்டில் வாழைமரத்துக்கு யாரும் இலை போடுவதில்லை.

அவர் இலங்கையில் விசுவமடுக்காரர். வயது நாற்பத்தேழு. பாரிசில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்து, ஒன்பது வருடத்தில் மரக்கறி வெட்டும் நிலைக்கு உயர்ந்தவர். புறநகரான செவ்ரானில் இரண்டு அறை வீடு ஒன்றை எடுத்துவைத்திருந்தார். ஒரு அறை அவருக்கும் மனைவி சுஜாந்திக்கும். மற்றது மகள் நிருபாவுக்கு. சுஜாந்தியும் நிருபாவும் விசுவமடுவில் இருந்தார்கள். இரண்டாவது அறையில் ஒரு மேசையும் மேசைவிளக்கும் மட்டும் இருந்தன.

நிருபாவுக்கு டிசம்பர் பதின்மூன்றாம் திகதி பதினெட்டு வயது. அதற்கு முதல் நாளுக்குள் விண்ணப்பம் கொடுத்துவிட்டால் அவள் பிள்ளை, தகப்பனிடம் வரலாம். ஒரு நாள் பிந்தினால் அவள் பெரிய ஆள், வர முடியாது. குடும்பத்தை அழைப்பிக்கும் கந்தோரில் இருந்த பெண் புண்ணியமூர்த்தியின் ஆவணக் கோவையை நுனிவிரலால் புரட்டினாள். சம்பளத் துண்டுகள் சரி. வீடு சரி. திருமணப் பதிவு சரி. பிறகு கணினியைப் பார்த்தாள்.

"ஸ்பெயினில் தொறேமுதா என்ற ஊரில் நீங்கள் இன்னும் குடியிருக்கிறீர்கள்," என்றாள்.

"நான் இங்கேதானே இருக்கிறேன்."

"ஒருவர் இரண்டு ஊரில் குடியிருக்க முடியாது. அங்கே குடியிருக்கவில்லை என்று அந்த ஊரிலிருந்தே ஒரு கடிதம் கொண்டுவாருங்கள்." டிசம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை, பின்னேரம் இரண்டரைக்குத் திரும்பி வர ரொந்தேவு கொடுத்தாள். அதுதான் கடைசி நாள், கடைசி இடம்.

பிரான்சுக்கு வருவதற்கு முன் புண்ணியமூர்த்தி நாலு வருடம் தொறேமுதாவில் இருந்தது உண்மைதான். வெங்காயக் களஞ்சியத்தில் பெரிய வெங்காயத்தையும் சின்ன வெங்காயத்தையும் வேறுவேறாக எறிவது வேலை. அந்த நாலு வருடத்தில் ஊரில் அவருக்கு முகம் பழகியது இரண்டு நாய்களுக்கு மட்டும். ஊர்ப்பதிவில் பெயர் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். போகும்போது பெயரை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாய்களுக்கும் தெரிந்திருக்காது.

கடிதம் எழுதுவிக்க அவர் தில்லையம்பலத்திடம் போனார். தில்லையம்பலம் போபூர் சென் தெனி வீதியில் சூட்கேஸ் கடை வைத்திருந்தார். அவருடைய உண்மையான தொழில் தலைமை தாங்குவது. சூட்கேஸ் இடைக்கிடை விற்பார்.

"தம்பி, எடுத்த எடுப்பிலை 'என்ரை பேரை வெட்டு' எண்டு எழுதேலாது," என்றார் தில்லையம்பலம். "அது சண்டைக் கடிதம். ஒரு சபைக்கு எழுதிறதுக்கு ஒரு முறை இருக்கு."

"ஒரு வரி காணும் அண்ணை."

"ஒரு வரியிலை எழுதிறது தந்தி. தந்தி செத்தவீட்டுக்கு அடிக்கிறது."

மூன்று பக்கம் எழுதினார். முதல் பக்கம் தொறேமுதாவின் வற்றாத நதிகளைப் பற்றியது. அந்த ஊரில் ஒரு வாய்க்கால்கூட இல்லை. இரண்டாம் பக்கம் ஒன்றியத்தின் பதினெட்டு வருடச் சேவையும், அந்தப் பதினெட்டு வருடமும் ஒரே தலைவர் இருந்து வருகிற அதிசயமும். மூன்றாம் பக்கம், அந்த மண்ணிலிருந்து ஒரு பெருமகன் வந்து ஒன்றியத்தின் ஆண்டுவிழாவைச் சிறப்பித்தால் தாங்கள் அடையப்போகும் பேறு. கடைசி வரியில், தாளின் ஓரத்தில், 'மேலும் எமது உறுப்பினர் புண்ணியமூர்த்தியின் பெயரை நீக்கித் தந்தாலும் மகிழ்வோம்' என்று இருந்தது.

அதை ஸ்பானிய மொழியில் பெயர்த்தவள் மிருணாளினி. பள்ளிக்கூடம் ஒன்றில் ஸ்பானிஷ் படிப்பிப்பவள், பாரிசில் பிறந்தவள், வயது முப்பத்திரண்டு. வாசித்து முடித்ததும், "அண்ணை, இந்தக் கடைசி வரியை முதல் வரியாக்குவமே?" என்று கேட்டாள்.

"பிள்ளை, நீ மொழியைப் பெயர்," என்றார் தில்லையம்பலம். "முறையைப் பெயர்க்காதை."

ஒரு கிழமையில் பதில் வந்தது. வருகிறேன், விமான நிலையத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்டு எவாரிஸ்தோ பெனுவேலாஸ் கையெழுத்திட்டிருந்தார். மூன்றாம் பக்கத்தின் ஓரம்வரை அவர் வாசித்ததற்கு எந்த அடையாளமும் இல்லை.

கூட்டம் நவம்பர் இருபத்துநாலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணி என்று நோட்டீசில் இருந்தது. ஐந்து மணிக்குத் தொடங்கியது. குத்துவிளக்கில் ஐந்து திரி. ஏற்ற வேண்டிய பிரமுகர்கள் ஏழு. உபதலைவர் இன்னும் கார் விட்டு முடியவில்லை என்பதால் ஆறாகியது. வராத செயலாளருக்கும் ஒரு திரி ஒதுக்கியிருந்தார்கள். கடைசியில் தியரிக்கு ஒரு மெழுகுதிரி வாங்கிவந்து கொடுத்தார்கள். அகவணக்கம் முடிந்தது. வரவேற்புரை முடிந்தது. தலைமையுரை முடியவில்லை, ஒலிவாங்கியின் பற்றரி முடிந்தது.

தியரி பிரெஞ்சில் பேசினார். "நான் இங்கே வரவில்லை. நான் யாருக்காக வந்திருக்கிறேனோ அவர்தான் வந்திருக்கிறார். அவர் உங்கள் சமூகத்தை மிகவும் நேசிக்கிறார். எந்தச் சமூகம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். தாளை மெத்ரோவில் விட்டுவிட்டேன். ஆனால் அவருடைய நேசம் மாறாது."

முப்பத்தொரு பேரும் கை தட்டினார்கள்.

புண்ணியமூர்த்தி முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கோவையோடு இருந்தார். வாங்கப்போகும் கடிதம் மடங்கக்கூடாது என்று புதிதாக வாங்கிய கோவை.

எவாரிஸ்தோ எழுந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். தலைமயிர் கறுப்பு, புருவம் வெள்ளை. பொன்னாடையைக் குளிருக்குப் போர்த்தியதாக நினைத்துக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். பேசினார். மிருணாளினி ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள்.

"இருபத்துநாலு வருடங்களாக நான் மக்கள் சேவையில் இருக்கிறேன். முதலில் ஊர்த் திருவிழாவின் வாணவேடிக்கைக் குழுத் தலைவரானேன். அந்த வருடம் பாடசாலையின் கூரை எரிந்தது. கூரை திருத்தும் குழுவுக்கும் என்னையே தலைவராக்கினார்கள். அது எப்படி எரிந்தது என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அனுபவம்தான் என்னைச் சபைக்குக் கொண்டுவந்தது. நாலு கட்சி மாறினேன் என்று சில பேர் சொல்கிறார்கள். பொய். நான் ஒரே கதிரையில்தான் இருந்தேன். கட்சிகள்தான் வந்து வந்து போயின. எட்டு வருடம் கொண்டாட்டங்களுக்கும் மயானத்துக்கும் பொறுப்பாக இருந்தேன். அந்த எட்டு வருடமும் மயானத்திலிருந்து ஒரு முறைப்பாடுகூட வரவில்லை. பிறகு மாகாண சபைக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்குத் தந்த பொறுப்பு, ஊர்களை விட்டுப் போகிறவர்கள். அவர்களைப் பற்றி நாலு அறிக்கை வெளியிட்டேன். வாசிக்க ஊரில் ஆட்கள் இல்லை."

ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எல்லோரும் போனார்கள். ஆனால் ஒருவர் போகவில்லை!" விரல் புண்ணியமூர்த்தியைக் காட்டியது. "இதோ! பாரிசில் இருந்துகொண்டும் எங்களை விட்டுப் போகாத மனிதர்!"

தில்லையம்பலம் கண்ணைத் துடைத்தார். புண்ணியமூர்த்தியை மேடைக்கு அழைத்தார்கள். சட்டமிட்ட ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதில் ஸ்பானிய மொழியில் தங்க எழுத்து இருந்தது. கடிதத்தைச் சட்டம் போட்டே தந்துவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தப் படம் இன்றும் ஒன்றியத்தின் முகநூலில் கிடக்கிறது.

"என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"நிரந்தர ஊரவர், அண்ணை," என்றாள் மிருணாளினி.

அது கோவைக்குள் போகவில்லை. சட்டம் பெரியது.

மண்டபத்துக்குப் பின்னாலிருந்த அறையில் வடையும் பால் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். புண்ணியமூர்த்தி வடையைத் தொடவில்லை. மிருணாளினியைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப்போய் எவாரிஸ்தோவின் முன் நிறுத்தினார்.

"என்ரை பேரை வெட்டித் தரச் சொல்லும் பிள்ளை. வேறை ஒண்டும் வேண்டாம். சுத்தி வளைக்காமல் கேளும்."

அவள் கேட்டாள். எவாரிஸ்தோ வடையைக் கீழே வைத்தார்.

"சட்டம் மிகத் தெளிவானது," என்றார். "ஆயிரம் பேர்வரை உள்ள ஊருக்கு ஏழு கதிரை. ஆயிரத்து ஒன்று என்றால் ஒன்பது. இன்றைக்கு நாங்கள் ஆயிரத்து ஒரு பேர். இதில் ஒன்பதாவது கதிரை யாருடையது என்று நான் சொல்ல விரும்பவில்லை. அது தற்பெருமை ஆகிவிடும்."

"அந்த ஒண்டு நானோ?"

"ஒவ்வொருவரும்தான் அந்த ஒன்று. ஆனால் மற்ற ஆயிரம் பேரும் விலகக் கேட்கவில்லை."

"நான் அங்கை ஒன்பது வருசமா இல்லை. பிறகு எப்பிடிப் பதிவு உயிரோடை இருக்குது?"

"இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்களுக்காக நானே கையெழுத்துப் போட்டேன்." நெஞ்சில் கை வைத்தார். "நன்றி சொல்ல வேண்டாம்."

மிருணாளினி அதைத் தமிழில் சொல்லிவிட்டு, "அவர் களவை ஒத்துக்கொண்டதை அவர் கவனிக்கேல்லை," என்று தன்பாட்டில் ஒரு வரி சேர்த்தாள்.

ஊர்க்கணக்கு ஜனவரி முதலாம் திகதி எடுப்பார்களாம். இரண்டாம் திகதி காலை எட்டு மணிக்கு, முதல் வேலையாக, பெயரை வெட்டித் தருவதாக எவாரிஸ்தோ தாயின் மேல் சத்தியம் செய்தார்.

"பிள்ளைக்கு டிசம்பர் பதின்மூண்டு பதினெட்டு முடியுது," என்றார் புண்ணியமூர்த்தி.

"வாழ்த்துக்கள்!" என்றார் எவாரிஸ்தோ.

தில்லையம்பலம் இடையில் புகுந்தார். "தம்பி, பிறப்புப் பத்திரத்திலை ஒரு மாசம் தள்ளேலாதோ?"

"பத்திரத்திலை இல்லையண்ணை. பிள்ளை பிறந்ததே அண்டைக்குத்தான்."

"ஓம்," என்று யோசித்தார் தலைவர். "அது ஒரு சிக்கல்தான்."

அடுத்த கிழமை தொறேமுதாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புண்ணியமூர்த்தி வேலைக்கு உடுப்பு மாற்றும் அறையில் நின்றபடியே கிழித்தார். ஊரின் வடக்கெல்லையில், வெங்காயக் களஞ்சியத்துக்குப் பின்னால் போகும் ஒழுங்கைக்கு அவருடைய பெயரை வைத்திருந்தார்கள். படமும் அனுப்பியிருந்தார்கள். பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரு நாய் படுத்திருந்தது.

நிருபா வட்ஸ்அப்பில் எடுத்தாள். "அப்பா, சரி வந்திட்டுதோ?"

"ஒழுங்கை சரி வந்திட்டுது," என்றார். அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கும்.

ஒரு வழி கண்டுபிடித்தவள் மிருணாளினிதான். தொறேமுதாவின் இணையப் பக்கத்தைத் துருவிப் பார்த்தபோது, அந்த ஊரில் ஆறு வருடங்களுக்குப் பிறகு ஒரு குழந்தை பிறக்கவிருப்பதாக எவாரிஸ்தோ அறிவித்திருந்தார். அறிவிப்பில் தன் பங்களிப்பு ஏதோ இருப்பதுபோன்ற தொனி. தாய் மருந்துக்கடைக்காரரின் மனைவி, மரியா. டிசம்பர் ஆறாம் திகதி எதிர்பார்ப்பு. குழந்தை பிறந்தால் ஊர் ஆயிரத்து இரண்டு. பிறகு ஒரு ஆளை வெட்டினாலும் ஒன்பது கதிரையும் கிடக்கும். எவாரிஸ்தோவுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். பிறந்த அன்றே கையெழுத்துப் போடுவதாக, இந்த முறை தகப்பனின் மேல் சத்தியம் செய்தார்.

புண்ணியமூர்த்தி பஜோல் வீதிப் பிள்ளையாரிடம் போனார். அருச்சனைச் சீட்டை ஐயரிடம் நீட்டினார்.

"பேர்?"

"மரியா."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. சுகப்பிரசவத்துக்கு."

"கோத்திரம்?"

"ஸ்பெயின்."

"உங்களுக்கு என்ன முறை?"

புண்ணியமூர்த்தி கொஞ்சம் யோசித்தார். "ஊர்க்காரி," என்றார்.

தொறேமுதாவைத் தன் ஊர் என்று அவர் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பதினொரு தேங்காய் உடைத்தார்.

பிள்ளையார் கைவிடவில்லை. ஆறாம் திகதி காலை பெண்பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ நானூறு கிராம். புண்ணியமூர்த்தி உணவகத்தில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். மனைவி ஊரில் இருக்க, ஸ்பெயினில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்ததென்று இந்த மனுசன் கேசரி கொடுக்கிறானே என்று சமையற்காரர் ஒருமாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். அன்று பின்னேரம் கோவையைத் துடைத்து வைத்தார்.

ஏழு மணிக்கு மிருணாளினி போன் எடுத்தாள். குரலில் ஒன்றும் இல்லை.

"அண்ணை, குழந்தை பிறந்த சந்தோசப் புழுகத்திலை தேவாலய மணி அடிச்சவையாம். ஆறு வருசமாச் சும்மா கிடந்த மணி. என்ன சத்தம் எண்டு பாக்க, தொண்ணூற்றிநாலு வயது பழைய தபால்காரர் மாடிப்படியிலை இறங்கியிருக்கிறார்."

"விழுந்திட்டாரோ?"

"ஓம்."

"மணியை அடிக்கச் சொன்னது ஆர்?"

"கொண்டாட்டங்களுக்கும் மயானத்துக்கும் பொறுப்பாயிருந்த உறுப்பினர்தான். செத்தவீட்டிலையும் பேசியிருக்கிறார். நல்ல பேச்சாம்."

ஊர் மறுபடி ஆயிரத்து ஒன்று.

அதோடு முடிந்திருந்தால் ஒரு ஒழுங்காவது இருந்திருக்கும். எவாரிஸ்தோவுக்கு ஆகாத இன்னொரு உறுப்பினர் தலைநகருக்கு ஒரு முறைப்பாடு எழுதிப்போட்டார். ஆயிரத்து ஓராவது ஆள் என்று ஒருவன் கிடையாது, அது வெறும் கையெழுத்து என்று. ஆளை அவருடைய குடியிருப்பிலேயே நேரில் பார்த்து வாக்குமூலம் எடுக்க ஒரு பரிசோதகரை அனுப்புவதாக மேலிடம் அறிவித்தது. டிசம்பர் பன்னிரண்டு, மதியம் பன்னிரண்டு மணி.

வேறு எவனும் இந்த இடத்தில் பயந்திருப்பான். எவாரிஸ்தோ இருபத்துநாலு வருடம் கதிரையைக் காத்தவர். அவசரக் கூட்டம் கூட்டி, ஐந்துக்கு நாலு என்ற வாக்கில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். ஆள் ஊருக்கு வர முடியாவிட்டால் ஊர் ஆளிடம் போவது சனநாயகத்தின் கடமை. ஆகவே பாரிஸ் நகரில் தில்லையம்பலத்தின் சூட்கேஸ் கடைக்குப் பின்னாலிருக்கும் ஆறு சதுர மீற்றர் சாமான் அறை இன்று தொடக்கம் தொறேமுதா, பாரிஸ் குடியிருப்பு, இலக்கம் ஒன்று. தில்லையம்பலம் அதன் கௌரவ உபமேயர். தோளில் போட ஒரு பட்டியும் தபாலில் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் மூன்று நாள் சூட்கேஸ் விற்றார். வாங்க வந்த ஒரு அல்ஜீரியர், இது பொலிஸ் கடை என்று திரும்பிப் போய்விட்டார்.

அறைக்குள் ஒரு கட்டில் போட்டார்கள். சூட்கேஸ் பெட்டிகளின் மேல் வள்ளிநாயகியின் பழைய கூறைச்சேலையை விரித்தார்கள். நிரந்தர ஊரவர் சட்டத்தைச் சுவரில் மாட்டினார்கள். கதவுக்குப் புதுப் பூட்டு, அதைப் பூட்ட ஒரு திறப்பு. திறப்பில்லாத ஊர் ஊரா என்று தலைவர் கேட்டார். புண்ணியமூர்த்தி இதற்குச் சம்மதித்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

அவருக்கு அழுகைகூட வரவில்லை. "போகட்டும், பிள்ளை," என்று மிருணாளினியிடம் சொன்னார். "எனக்கும் அந்த ஊருக்கும் விதிச்ச கண்டம்."

"விசர்க் கதை கதையாதேங்கோ அண்ணை," என்றாள் அவள். "இது நல்லது. பரிசோதகர் கதிரைக்கு வாற ஆள் இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ. நோ விவோ அக்கீ. நான் இஞ்சை குடியிருக்கேல்லை. மூண்டு சொல்லுத்தான். அந்த இடத்திலேயே பேரை வெட்டிப் பேப்பர் தரவேணும், அது அவையின்ரை சட்டம். பன்னிரண்டுக்குச் சொன்னால் இரண்டரைக்கு அங்கை நிக்கலாம்."

நோ விவோ அக்கீ. அவர் கரட் வெட்டும்போது சொன்னார். மெத்ரோவில் சொன்னார். செவ்ரானில், மேசையும் மேசைவிளக்கும் மட்டும் இருந்த அறைக்குள் போய் நின்று சொல்லிப் பார்த்தார். அந்த அறையில் சொல்லக்கூடாது என்று தோன்றி வெளியே வந்தார்.

பன்னிரண்டாம் திகதி பதினொரு மணிக்கே கடை வாசலில் நின்றார். கையில் கோவை. வெள்ளைச் சேட். பரிசோதகர் வரவில்லை. தெற்கிலிருந்து வரும் ரயில் எங்கோ நின்றுவிட்டது என்றார்கள். பன்னிரண்டரை. ஒரு மணி. கந்தோருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஓட்டம். ஒன்றே முக்காலுக்கு வெளிக்கிட்டாலும் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டார். பிறகு, ஒன்று ஐம்பது என்று கணக்கைத் திருத்தினார்.

ஒன்று நாற்பதுக்குப் பரிசோதகர் வந்தாள், ஒரு அம்மா. அறுபதை நெருங்கும் வயது, உருளைப் பெட்டி, தட்டையான சப்பாத்து. முதல் நாளே வந்து இறங்கியிருந்த எவாரிஸ்தோ பூங்கொத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. தொழில் தெரிந்தவள்.

புண்ணியமூர்த்தி எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"நோ விவோ அக்கீ," என்றார்.

அவள் தலையாட்டினாள். ஏதோ சொன்னாள். மிருணாளினியின் முகம் மாறியது.

"சரியாம் அண்ணை. இது தெருத்தானே, தெருவிலை ஆர் குடியிருக்கிறது எண்டு கேக்கிறா. வாக்குமூலத்தைக் குடியிருப்புக்கு உள்ளுக்கை நிண்டு சொன்னால்தான் செல்லுமாம்."

"அங்கை குடியிருக்கேல்லை எண்டு சொல்லத்தானே பிள்ளை நான்..."

"ஓம். அதை அங்கை நிண்டு சொல்லவேணும். அஞ்சு நிமிச வேலையாம். முத்திரை கைவசம் இருக்காம்."

அந்த அம்மா பையைத் திறந்து காட்டினாள். இருந்தது. மரப்பிடி வைத்த வட்ட முத்திரை, மைப்பெட்டி, பெயர் அச்சடித்த தாள். ஒன்பது வருடத்தில் அவரிடம் சுற்றி வளைக்காமல் பேசிய முதல் அதிகாரி. புண்ணியமூர்த்தி கும்பிட்டார். பிறகு கடைக்குள் ஓடினார், சூட்கேஸ்களை இடித்துக்கொண்டு.

சாமான் அறை வாசலில் பட்டியோடு தில்லையம்பலம் நின்றார்.

"சப்பாத்தைக் கழட்டும் தம்பி. சொந்த வீட்டுக்கை சப்பாத்தோடை நிக்கிறதோ?"

கழற்றினார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"உந்தக் கோவையையும் தாரும். கோவையோடை நிண்டால் வெளிக்கிட நிக்கிற ஆள் மாதிரி இருக்கும். நான் வைச்சிருக்கிறன், பயப்பிடாதையும்."

கொடுத்தார். உள்ளே போனார். கட்டிலுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில், வாசலைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டி நின்றார். வாய் மூன்று சொல்லையும் உருட்டிக்கொண்டிருந்தது. "வரச் சொல்லுங்கோ அண்ணை. கெதியா."

தில்லையம்பலத்துக்குப் பின்னால் மூச்சு வாங்க ஒருவர் வந்தார். உபதலைவர் றொமேஷ். இந்த முறை கார் விட இடம் கிடைத்துவிட்டது. கையில் அச்சடித்த தாள்கள். தலைவர் ஒன்றை எடுத்து உள்ளே நீட்டினார்.

"இதைப் பாத்துக்கொண்டு நில்லும். உமக்கும் ஒழுங்கு தெரியவேணும்."

புண்ணியமூர்த்தி பார்த்தார். குடியிருப்புத் திறப்பு விழா, நிகழ்ச்சி நிரல். மங்கள விளக்கேற்றல். அகவணக்கம். வரவேற்புரை. தலைமையுரை. வாழ்த்துரை, திரு. தியரி. வாழ்த்துரை, திரு. ராதாகிருஷ்ணன், தொலைபேசி மூலம். சிறப்புரை, மாண்புமிகு எவாரிஸ்தோ பெனுவேலாஸ். பொன்னாடை.

"அண்ணை, அந்த அம்மா உள்ளுக்கை வாறது எத்தினையாவது?"

"ஒன்பதாவது. பரிசோதகர் அம்மா தன்ரை கையாலை கதவைத் திறந்து வைக்கிறா."

"கதவு திறந்துதானே கிடக்குது!"

"அதுதானே பிழை," என்றார் தில்லையம்பலம். "திறந்து கிடக்கிற கதவை ஆரும் திறந்து வைக்கேலுமோ? கெதியா முடிச்சிடுவம் தம்பி. என்ரை உரைதான் கொஞ்சம் நீளம்."

கடைப் பக்கமிருந்து ஒலிவாங்கியை யாரோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பற்றரி புதிது. ஒன்று ஐம்பத்திரண்டு. புண்ணியமூர்த்தி வெறுங்காலோடு ஒரு அடி முன்னால் வைத்தார். கதவு அவருடைய முகத்துக்கு முன்னால் மரியாதையாகச் சாத்தப்பட்டது. புதுப் பூட்டு. தலைவர் திறப்பை ஒருமுறை திருப்பினார். ஒரு ஊரின் கதவு அல்லவா என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு முறையும் திருப்பினார்.